இரவில் பூக்கும் மதில்

இரவிலே மலர்ந்து மணம் பரப்பும் பூக்கள் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. நிலவெழும் வேளையில் குளத்திலே கண் விழிக்கும் அல்லியையும், இரவெல்லாம் மணந்து விடியுமுன் முற்றத்தை நிறைத்துவிடும் பவழமல்லியையும், வீதியோரத்து மரமல்லியையும் அறியாதார் நம்முள் இலர். ஆயினும், நெடிய கல் மதில் ஒன்று முழுவதும் ஒரே இரவில் வெண்ணிறப் போர்வை போர்த்தாற்போலப் பூத்து, மறுநாட் காலையில் தலை கவிழ்ந்துவிடும் காட்சி எங்கும் எளிதில் கிட்டுவதன்று. அக்காட்சியைக் காண விழைவோர்க்கு, பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஹவாய்த் தீவுகளைச் சுட்டலாம். அத்தீவுகளுள் ஒன்றாகிய ஒவாகுவிலே, ஹொனலூலு மாநகரிலே, புனஹோ என்னும் பள்ளியைச் சூழ்ந்த மதில்தான் நாம் கூறும் மதில்.

நாம் அம்மதிலைக் காணச் சென்றது பூவைக் காணும் ஆவலினால்தான். திரும்பி வந்தபோதோ, பூவைவிட அதை நட்டவர்களின் வரலாறே நம் உள்ளத்தை நிறைத்திருந்தது. அவ்வரலாறு கத்தோலிக்கராகிய நமக்குச் சற்றுக் கசப்பானது. கசப்பாயிருப்பதனாலேயே நமக்கு மருந்தாகவும் அமையக்கூடியது.

மதிலும் கொடியும்

மானோவா என்னும் பசுமையான பள்ளத்தாக்கு நகரை நோக்கி விரியும் வாயிலிலே புனஹோ அமைந்திருக்கிறது. 'புதிய ஊற்று' என்பது அப்பெயரின் பொருள். பள்ளியின் நிலத்தைச் சூழ்ந்து, எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதில் செல்கிறது. முற்காலத்தில் அவ்வட்டாரத்தில் கட்டவிழ்ந்து திரிந்த மாடுகள் உள்ளே புகாதபடி எழுப்பப்பட்டது என்பர்.

பகல் வேளையில் அம்மதிலின் அருகே செல்வோர் ஏமாற்றமே அடைவர். இலையில்லை, தளிரில்லை. மூன்று பட்டைகளாய்ப் புடைத்த, கரும்பச்சை நிறமான, சதைப்பற்றுள்ள தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாம்புகள் பின்னிக் கிடப்பதுபோல் மதிலின் மேல் கிடக்கின்றன. தண்டின் விளிம்பு அலை அலையாய் வளைந்து, கொம்புபோல் காய்ந்து இறுகியிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் கட்டையான முட்கள் இரண்டு மூன்று நிற்கின்றன. தண்டின் பக்கங்களிலிருந்து காற்றுவேர்கள் புறப்பட்டுக் கல்லின் பிளவுகளைப் பற்றிக்கொள்கின்றன. மண்ணில் வேரூன்றித் தொடங்கினாலும், கல்லையோ மரத்தையோ பற்றி ஏறிச் செல்வதே இக்கொடியின் இயல்பு. அழகென்று சொல்ல அதனிடம் பகலில் ஏதும் இல்லை.

அந்தி முதல் விடியல் வரை

நாம் அங்குச் சென்றது ஜூலைத் திங்களில். ஜூன் முதல் அக்டோபர் வரை அக்கொடி அலையலையாய்ப் பூக்கும் காலம். எல்லா இரவுகளிலும் அது பூப்பதில்லை. அரும்புகள் ஒரு கூட்டமாய்த் தோன்றி, சில வாரங்களில் ஒருங்கே முதிர்ந்து, ஓரிரு இரவுகளில் ஒருமிக்க மலர்ந்துவிடும். அதன்பின் அடுத்த கூட்டம் முதிரும்வரை மதில் உறங்கும். ஆகவே அங்குள்ளோர், அரும்பு பருத்து நுனி வெளுக்கும் நாளைக் கருத்துடன் நோக்கியிருக்கின்றனர்.

கதிரவன் மறைந்து இருள் கவியத் தொடங்கியதும், ஒரு சாண் நீளத்திற்கும் மேற்பட்ட அரும்புகளின் முனை மெல்ல நெகிழ்ந்தது. முதலில் மஞ்சள் கலந்த பச்சை நிறமுடைய வெளியிதழ்கள் பின்னோக்கி வளைந்தன. அவற்றின் உள்ளிருந்து தூய வெண்ணிற இதழ்கள் அடுக்கடுக்காய் விரிந்தன. இரவு ஒன்பது, பத்து மணியளவில் ஒவ்வொரு மலரும் முழுவதும் விரிந்து, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பெருமலராய் நின்றது. நடுவே எண்ணற்ற மகரந்தத் தாள்கள் பொன்னிறமாய்ச் சூழ்ந்திருக்க, அவற்றின் இடையிலிருந்து சூல்முடி பல கதிர்களையுடைய விண்மீன்போல் நீண்டிருந்தது. இனிய மணம் சாலையைத் தாண்டி வீசியது. கண்ணுக்கெட்டிய தொலைவு மட்டும் கருங்கல் மதில் மறைந்து, வெண்மை ஒன்றே தெரிந்தது.

சாலையோரத்து நடைபாதையிலே பலர் குடும்பம் குடும்பமாய் வந்து நின்றனர். தோளில் குழந்தையைச் சுமந்த தந்தையரும், கோலூன்றிய முதியோரும் இருந்தனர். எவரும் உரத்துப் பேசவில்லை. கோவிலில் நற்கருணை ஆராதனை வேளையில் நிலவும் அமைதியைப் போன்றதோர் அமைதி அங்கே நிலவியது. இவ்வளவு பெருமையும் ஓரிரவுக்குத்தான். மறுநாள் வெயில் ஏறுமுன் அத்தனை மலர்களும் துவண்டு தொங்கிவிட்டன.

ஏன் இரவில் மலர்கிறது? படைத்தவரின் திட்டத்தில் இதற்கு நல்ல காரணம் உண்டு. இக்கொடியின் தாயகமாகிய நடு அமெரிக்க வெப்பக் காடுகளில், இரவில் பறக்கும் வௌவால்களும் நீண்ட உறிஞ்சுகுழலுடைய பெரிய விட்டில்களுமே இதன் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. இருளில் அவற்றின் கண்ணுக்குப் புலனாக வெண்மையும், தொலைவிலிருந்து அழைக்க மணமும் தேவை. மேலும், இக்குலத்துச் செடிகள் மூச்சுவிடுவதும் இரவில்தான். மற்றத் தாவரங்கள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. இவையோ பகல் வெயிலில் நுண்துளைகளை மூடி நீரைக் காத்துக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, ஏற்ற வாயுவை அமிலமாய்ச் சேமித்து வைத்து, மறுநாள் கதிரொளி வந்ததும் உணவாக்கிக்கொள்கின்றன. வறட்சியிலும் கல்லின்மேலும் அவை வாழ்வது இந்தச் சிக்கனத்தினால்தான்.

பெயரும் உறவும்

நம் நாட்டில் முள்ளும் சதையுமான செடியைக் கண்டால் 'கள்ளி' என்றே அழைக்கிறோம். உண்மையில், நம் மண்ணுக்கே உரிய சதுரக்கள்ளி, இலைக்கள்ளி முதலியன கீறினால் பால் வடிபவை. ஆமணக்கின் குலத்தைச் சார்ந்தவை. சப்பாத்திக்கள்ளியும் நாம் இங்குக் கூறும் கொடியும் பாலற்றவை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய வேறொரு குலத்தைச் சார்ந்தவை. அக்குலத்தில் ஒரே ஒரு வகைதான் மனிதர் கைப்படாமலே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. எஞ்சிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டவையே. நம் இல்லங்களில் பிரம்மகமலம் என்றும் நிஷாகந்தி என்றும் தொட்டியில் வளர்க்கும் செடியும் இக்குலத்ததே. அதுவும் இரவில் வெண்மலர் விரிப்பது. எனினும் அதன் தண்டு இலைபோல் தட்டையானது. இரண்டும் நெருங்கிய உறவினர் என்று கொள்ளலாம்.

1830-ஆம் ஆண்டில் ஹாவொர்த் என்னும் ஆங்கிலத் தாவர அறிஞர் இக்கொடிக்கு நூல்முறையான பெயர் சூட்டியபோது, அதன் அலைபோன்ற விளிம்பைக் கருதி 'அலையுடையது' என்று பொருள்படும் 'உண்டாட்டுஸ்' என்னும் இலத்தீன் சொல்லைச் சேர்த்தார். குலப்பெயரோ பலமுறை மாறியது. நெடுங்காலம் 'ஹைலோசீரியஸ்' என்று வழங்கிய அதை, 2017-ஆம் ஆண்டில் அறிஞர் 'செலினிசீரியஸ்' என்னும் இனத்தில் சேர்த்தனர். செலினி என்பது கிரேக்க மொழியில் நிலவைக் குறிக்கும். சீரியஸ் என்பது இலத்தீனில் மெழுகுதிரியைக் குறிக்கும் சொல். பாஸ்கா இரவிலே இருள் சூழ்ந்த கோவிலுக்குள் 'கிறிஸ்துவின் ஒளி' என்று நாம் வரவேற்கும் பாஸ்காத் திரியை இலத்தீன் வழிபாட்டு மொழியில் குறிக்கும் சொல்லும் இதுவே. இருளிலே நிமிர்ந்து நிற்கும் வெண்மையான இம்மலருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

இதே கொடியின் கனிதான் இன்று நம் நகரத்துப் பழக்கடைகளில் டிராகன் பழம் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. செந்நிறத் தோலும், கருமணிகள் தூவிய வெண்ணிறச் சதையும் உடைய கனியை வாசகர்களில் பலர் சுவைத்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் இதனை வியட்நாமுக்குக் கொண்டுசென்றனர். அந்நாட்டு மக்கள் தம் மொழியில் 'பச்சைப் பறவைநாகம்' என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டனர். 2021-ஆம் ஆண்டில் குஜராத் அரசு இதற்குக் 'கமலம்' என்று பெயர் மாற்றியது. தமிழகத்திலும் இப்போது உழவர்கள் கல்தூண் நட்டு, அதன் உச்சியில் வளையம் பொருத்தி, கொடியை ஏற்றிப் படரவிட்டுப் பயிரிடுகின்றனர். மலர்ந்த 30 முதல் 50 நாள்களுக்குள் கனி முதிர்கிறது. இவ்வினத்தின் சில வகைகள் தம் சொந்த மகரந்தத்தினால் காய்ப்பதில்லை. அயற்செடியின் மகரந்தம் வந்தாலன்றிப் பூ வீணாகிவிடும். அத்தகைய வகைகளை வளர்ப்போர், இரவில் விளக்குடன் தோட்டத்திற்குச் சென்று, தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்கு எடுத்துத் தடவ வேண்டியிருக்கிறது.

நட்ட கரம்

இனி, மதிலின் கதைக்கு வருவோம். 1830-ஆம் ஆண்டளவில் மெக்சிகோவிலிருந்து வந்த கப்பலொன்றின் வழியாக இக்கொடி ஹொனலூலுவை அடைந்தது என்பர். 1836-ஆம் ஆண்டில் அதன் துண்டுகளைப் புனஹோ மதிலின் மேல் நட்டவர் சிபில் பிங்காம் என்னும் பெண்மணி. சீர்திருத்த சபையின் மறைபணியாளராகிய ஹைரம் பிங்காம் என்பாரின் மனைவி. பள்ளி ஆசிரியையாயிருந்த அவர், 1819-ஆம் ஆண்டில், சந்தித்துச் சில நாள்களே ஆன ஹைரமை மணந்து, மணமான இரு வாரங்களுக்குள் பாய்மரக் கப்பலேறி, ஏறக்குறைய ஐந்து திங்கள் கடலில் பயணம் செய்து இத்தீவுகளுக்கு வந்தவர். பச்சிளம் புதல்வர் இருவரை அம்மண்ணிலேயே புதைத்தார். மூத்த மகளைக் கல்விக்காகச் சிறு வயதிலேயே கடல் கடந்து அனுப்பினார். மறைபணியாளரின் பிள்ளைகள் இவ்வாறு பெற்றோரைப் பிரியும் துயரம் நீங்கவேண்டும் என்பதற்காகவே 1841-ஆம் ஆண்டில் புனஹோ பள்ளி நிறுவப்பட்டது. ஆனால் அதைக் காண அவர் அங்கில்லை. உடல் நலம் குன்றி 1840-ஆம் ஆண்டில் கணவருடன் தாயகம் திரும்பினார், மீண்டும் வரவேயில்லை, 1848-ஆம் ஆண்டில் இறந்தார். ஹவாய் மக்களோ அவர் நட்ட கொடியை இன்றும் 'புனஹோவின் கள்ளி' என்று பொருள்படும் பெயரால் தம் மொழியில் அழைக்கின்றனர்.

அவரது தியாகத்தைப் போற்றாதிருக்க இயலாது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே நகரில் நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் மறைத்தல் தகாது.

பேராலயத்தருகே ஒரு முள்மரம்

புனஹோவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், துறைமுகத்தை அடுத்த நகர நடுவில், சமாதான அன்னையின் பேராலயம் நிற்கிறது. ஹவாய் நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையின் தாய்க்கோவில் அதுவே. 1827-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், இயேசு மரி திருஇருதயங்களின் சபையைச் சார்ந்த குருக்கள் அங்கு வந்திறங்கினர். அவர்களின் தலைவர் அருட்தந்தை அலெக்சிஸ் பாஷலோ. அவர் பாரிஸ் அரசத் தோட்டத்திலிருந்து கிடைத்த விதையைக் கொண்டு 1828-ஆம் ஆண்டில் கோவில் வளாகத்தில் ஒரு மரத்தை வளர்த்தார். ஹவாய் மக்கள் அதைக் 'கியாவே' என்பர். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு என்றே அதைக் கூறலாம். நீண்ட முள்ளுடையது, வறண்ட நிலத்தில் வேகமாய்ப் பரவுவது. அத்தீவுகளின் வறண்ட கரைகளில் இன்று காடாய் மண்டியிருக்கும் கியாவே மரங்கள் பாஷலோ அடிகளின் அந்த ஒரு மரத்தின் வழிவந்தவை என்பர். அதன் காய் மாட்டுக்குத் தீவனமாகவும், கட்டை கரியாகவும், பூ தேனாகவும் பயன் தந்தது. வெறுங்காலோடு நடப்போர்க்கு அதன் முள் வேதனையும் தந்தது. மூல மரத்தை 1919-ஆம் ஆண்டில் வெட்டினர்.

மரம் நிலைத்தது, நட்டவர் நிலைக்கவில்லை. அப்போது நாட்டை ஆண்ட காஹுமானு அரசி, சீர்திருத்த சபையாரின் போதனையை ஏற்றவர். கத்தோலிக்க மறையைத் தம் மக்கள் தழுவுவதை அவர் தடை செய்தார். ஹைரம் பிங்காமும் அவர்தம் சபையாரும் கத்தோலிக்கக் குருக்களின் வருகையை வன்மையாக எதிர்த்தனர். 1831-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாஷலோ அடிகளும் அவருடைய தோழரும் கப்பலேற்றப்பட்டுக் கலிபோர்னியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அத்தீவின் கத்தோலிக்க மக்களுட் பலர் சிறையிடப்பட்டனர். கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். 1837-ஆம் ஆண்டில் பாஷலோ அடிகள் மீண்டும் வந்தபோதும், தங்கிப் பணியாற்ற அவருக்கு இசைவு கிட்டவில்லை. நோயுற்ற நிலையிலேயே மறுபடியும் கப்பலேறி, அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நடுக்கடலில் உயிர் நீத்தார். பொனபே தீவை ஒட்டிய சிறு திட்டொன்றில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

சிபில் அம்மையார் மதிலின் மேல் கொடி நட்ட 1836-ஆம் ஆண்டு, இந்தத் துன்பங்களுக்கு நடுப்பட்ட ஆண்டு என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது. ஆண்டவர் ஒருவரையே அறிக்கையிட்ட இரு சாரார், அவரை இன்னும் அறியத் தொடங்காத மக்களின் கண்முன்னே, ஒருவரையொருவர் விரட்டினர்.

நாமும் குற்றமற்றவர் என்று நெஞ்சுயர்த்துவதற்கில்லை. 1839-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் அரசர் மூன்றாம் கமேஹமேஹா சமயப் பொறுதியை அறிவித்தார். அடுத்த திங்களிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. போர் தொடுப்பதாக அச்சுறுத்தி, கத்தோலிக்க வழிபாட்டுக்கு முழு உரிமையும், கோவிலுக்கு நிலமும், பிணையாக 20,000 டாலரும் கேட்டுப் பெற்றது. நீதி நம் பக்கம் இருந்தது உண்மையே. ஆயினும் நற்செய்தியின் அமைதிக்குப் பீரங்கி துணை நின்றது என்பது பெருமைக்குரியதன்று.

பாஷலோ அடிகளைக் காத்து ஆதரித்த ஹவாய்த் தலைவர் ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். ஒவாகுத் தீவின் ஆளுநர் போக்கி என்பார், 1819-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக் கப்பலொன்றில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். புனஹோ நிலம் 1829-ஆம் ஆண்டில், அரசியின் வற்புறுத்தலால், அதே போக்கியின் கையிலிருந்துதான் பிங்காமுக்குச் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் கடற்பயணம் மேற்கொண்ட போக்கி திரும்பவேயில்லை. ஆகவே, சீர்திருத்த சபையாரின் மதில் நிற்பது கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற ஒருவரின் கைவழி வந்த நிலத்தில் எனலாம். மனிதர் போடும் எல்லைகளைக் காலம் எவ்வளவு எளிதாய்க் குழப்பிவிடுகிறது!

ஒரே கடலின் கற்கள்

ஹொனலூலுவில் நாம் கண்டவற்றுள் மற்றொன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. பிங்காம் வரைந்த அமைப்பின்படி எழுந்த கவாயாஹாவோ ஆலயமும், நம் சமாதான அன்னையின் பேராலயமும் ஒரே காலத்தவை. முன்னது 1836-இல் தொடங்கி 1842-இல் முடிந்தது. பின்னது 1840-இல் தொடங்கி, 1843-ஆம் ஆண்டு தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று அர்ச்சிக்கப்பட்டது. இரண்டிற்கும் சுவரெழுப்பச் செங்கல் இல்லை. கடலடியில் விளைந்த பவளப் பாறையை ஹவாய் மக்கள் வெட்டியெடுத்துக் கரைக்குக் கொணர்ந்தனர். கவாயாஹாவோ ஆலயத்துக்கு மட்டும் ஏறத்தாழ 14,000 கற்கள் தேவைப்பட்டன. ஒருவரையொருவர் ஏற்க மறுத்த இரு சபையாரும், ஒரே கடல் ஈன்ற கல்லைக் கொண்டே ஒரே இறைவனுக்குக் கோவில் எழுப்பினர்.

அப்பேராலயத்திலேதான் 1864-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் புனித தமியான் குருப்பட்டம் பெற்றார். 1873-இல் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரிடையே சென்று, அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் நோயையே தாமும் ஏற்று, 1889-இல் இறந்தார். அவருக்குப் பணம் திரட்டி அனுப்பியவர்களுள் ஒருவர் இலண்டனைச் சார்ந்த ஆங்கிலிக்கக் குரு சாப்மன் என்பார். தமியானின் மறைவுக்குப் பின், ஹொனலூலுவில் வாழ்ந்த சீர்திருத்த சபைப் போதகராகிய ஹைடு என்பார் அவரை இழித்து எழுதிய கடிதம் வெளியானபோது, 1890-ஆம் ஆண்டில் அதற்கு உலகறிய மறுமொழி எழுதியவர் கத்தோலிக்கரல்லர். சீர்திருத்த சபைக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன். தமியான் 2009-ஆம் ஆண்டிலும், அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த அன்னை மரியன்னா கோப் 2012-ஆம் ஆண்டிலும் புனிதராக அறிவிக்கப்பட்டனர். அன்னையின் திருப்பண்டங்கள் 2014 முதல் அப்பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. பகையின் நடுவே இப்படிச் சில உள்ளங்கள் வேலியைத் தாண்டி வந்திருக்கின்றன. அயற்செடியின் மகரந்தம் வந்தாலன்றிக் காய்க்காத கொடியை இங்கு வாசகர்கள் நினைவில் கொள்வார்களாக.

நம் ஊர் மதில்கள்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் ஊர்களிலே, ஒரே தெருவில் இரு சபைகளின் கோவில்கள் இருந்தும், ஒரு வீட்டின் சாவுக்கு மறு வீட்டார் வாசலோடு நின்றுவிடும் வழக்கம் முற்றும் மறைந்துவிட்டதா? வேறு சபையில் மணம் முடித்த மகளைப் பல ஆண்டுகள் வீட்டுக்கு அழையாத பெற்றோரை நாம் அறிவோம். பேரக் குழந்தையின் முகத்தைக் காணாமலே கண்மூடிய பாட்டியர் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்டு, பிரிந்த சகோதரரை அன்போடு நோக்கும்படி நமக்குக் கற்பித்தது. ஏட்டில் எழுதப்பட்டது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

இதனினும் வேதனையானது ஒன்று உண்டு. நம் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே, சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, இறந்தோரையும் இரு கூறாக்கிய இடங்கள் தமிழகத்தில் இருந்திருக்கின்றன. ஒரே திருமுழுக்கின் நீரில் மூழ்கி, ஒரே அப்பத்தை உண்டவர்கள், மண்ணுக்குள் சென்ற பின்னும் அருகருகே கிடக்கலாகாதாம்! ஹவாய்த் தீவின் அரசியும் போதகரும் செய்ததைக் குறை கூறும் முன், நம் கையால் அடுக்கிய இக்கற்களை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா? புனஹோ மதில் மாடுகளைத் தடுக்க எழுந்தது. நம் மதில் யாரைத் தடுக்க எழுந்தது?

மதிலை ஒரே நாளில் இடித்தெறிய எல்லாராலும் இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் அதன் மேல் ஒரு கொடியை நடுதல் எவருக்கும் இயலும். பேச்சற்றுப்போன உறவினர் இல்லத்துக்கு இத்திருநாளில் ஒரு தட்டுப் பலகாரத்தோடு பிள்ளைகளை அனுப்பலாம். அயற்சபையார் வீட்டுத் துக்கத்தில் உள்ளே சென்று அமர்ந்து, அவர்களோடு சேர்ந்து செபமாலை சொல்ல இயலாவிடினும், கர்த்தர் கற்பித்த செபத்தையாவது ஒன்றாய்ச் சொல்லலாம். கல்லறைத் திருநாளன்று நம் குடும்பத்தாரின் கல்லறையில் ஏற்றும் மெழுகுதிரிகளுள் ஒன்றை, சுவருக்கு அப்பால் கிடக்கும் ஒருவரின் கல்லறையில் ஏற்றிவிட்டு வரலாம். இவை சிறு செயல்கள். ஆயினும் அம்மையார் நட்டதும் சில துண்டுகளே.

விளக்கோடு எண்ணெயும் கொண்டு ஆயத்தமாயிருந்த கன்னியரைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மணவாளன் வந்தது நள்ளிரவில். பிரிவினை என்னும் இருள் இன்னும் நீங்காத இவ்வேளையில் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவதும் அந்த ஆயத்தமே. சிபில் அம்மையார் நட்ட கொடி மதிலை மூடிப் பூத்ததை நாலாண்டுகளுக்கு மேல் அவர் காணவில்லை. பாஷலோ அடிகள் தாம் நட்ட மரத்தின் அருகே நாலாண்டுகள்கூட வாழவில்லை. இருவரும் ஒருவரையொருவர் அன்பு செய்ய அக்காலம் இடந்தரவில்லை. இன்று விண்ணகத்தில் அவர்கள் சந்தித்திருப்பார்கள் என்பதே நம் நம்பிக்கை. அங்கே நடக்கவிருப்பதை இங்கேயே தொடங்கும் வரத்தைச் சமாதான அன்னையின் மன்றாட்டால் நமக்கும் நம் குடும்பங்களுக்கும் இறைவன் அருள்வாராக.